நாலு ஒயர், நாற்பது சந்தேகம்

ரிப்பீட்டர் கன்ட்ரோலரைப் பற்றிப் போன இதழில் போகிற போக்கில் இரண்டு வரி எழுதினேன். ரிப்பீட்டர் என்பது ஓர் அலைவரிசையில் கேட்டதை அப்போதே இன்னோர் அலைவரிசையில் திரும்ப அனுப்பும் ரேடியோ நிலையம். கன்ட்ரோலர் அதன் மூளை. அதற்கு வந்த கடிதங்கள் மேஜைமேல் ஒரு சாண் உயரத்துக்கு நிற்கின்றன. சிலர் படம் வரைந்து அனுப்பியிருக்கிறார்கள். ஒருவர் கருகிப்போன ரெசிஸ்டரையே உறைக்குள் போட்டு அனுப்பிவிட்டார். இந்த இதழ் முழுக்க அதே பேச்சுதான்.

கேள்வி: இரண்டு மொபைல் ரேடியோ (வண்டியில் பொருத்தும் வகை) வைத்திருக்கிறேன். ஒன்று கேட்க, ஒன்று அனுப்ப. நடுவில் வைக்கக் கன்ட்ரோலரும் வாங்கியாயிற்று. ரேடியோவின் பின்னால் இருக்கும் கனெக்டரில் ஏகப்பட்ட முனைகள். எதை எதோடு சேர்ப்பது?

அத்தனை முனைகளில் உங்களுக்கு வேண்டியது நாலே நாலு. கேட்கும் ரேடியோவில் இரண்டு: ஒன்று ஆடியோ, இன்னொன்று சி.ஓ.எஸ். இந்தச் சி.ஓ.எஸ். என்பது ‘இப்போது ஒரு சிக்னல் வந்திருக்கிறது’ என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஒயர். சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடைத்து வைக்கும் ஸ்குவெல்ச் திறந்தால் ஒரு நிலை, மூடினால் இன்னொரு நிலை. அனுப்பும் ரேடியோவிலும் இரண்டு: மைக் ஆடியோ, பி.டி.டி. (பேச அழுத்தும் பொத்தானின் ஒயர்). பெரும்பாலான ரேடியோக்களில் பி.டி.டி. முனையைக் கிரவுண்டோடு தொட்டால் டிரான்ஸ்மிட்டர் கிளம்பிவிடும். இவற்றோடு இரண்டு ரேடியோவுக்கும் கன்ட்ரோலருக்கும் பொதுவான கிரவுண்ட். மற்ற வேலையெல்லாம் கன்ட்ரோலருடையது. பேசி முடித்த பிறகு ஓரிரு நொடி டிரான்ஸ்மிட்டரைப் பிடித்து வைப்பது, பீப் கொடுப்பது, அடையாளக் குறியை மோர்ஸில் தட்டுவது, யாராவது பி.டி.டி.மேலேயே உட்கார்ந்துவிட்டால் மூன்று நிமிடத்தில் வாயை மூடுவது, எல்லாம்.

அமெச்சூர் மொபைல் ரேடியோக்கள் பலவற்றின் பின்னால் 6 முனை மினி டின் டேட்டா ஜாக் இருக்கும். அதில் 1 ஆடியோ உள்ளே, 2 கிரவுண்ட், 3 பி.டி.டி., 4 என்பது 9600 வேக டேட்டாவுக்கான தட்டையான ஆடியோ (அது என்ன என்று பின்னால் வரும்), 5 என்பது 1200 வேக டேட்டாவுக்கான ஆடியோ, 6 ஸ்குவெல்ச். உங்களுக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஓட்டையில். மோட்டரோலா மொபைல்களின் 16 முனை கனெக்டர் என்றால் 15, 16 இரண்டையும் ஒரு துண்டு ஒயரால் இணைக்க மறக்காதீர்கள். அந்த இணைப்பு இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் பேசாது. ‘கனெக்டர் மாட்டியதும் ரேடியோ செத்துவிட்டது’ என்று இந்த மாதம் மட்டும் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். ரேடியோ உயிரோடுதான் இருக்கிறது.

இன்னொன்று. கையேட்டில் இருக்கும் படம் பிளக்கை ரேடியோவுக்குள் நுழையும் பக்கத்திலிருந்து பார்த்ததா, சால்டர் பக்கத்திலிருந்து பார்த்ததா என்று பாருங்கள். இரண்டும் கண்ணாடி பிம்பம். மாற்றிப் பற்றவைத்தால் ஆடியோ போக வேண்டிய இடத்தில் பி.டி.டி. உட்கார்ந்திருக்கும். நான் படத்தை நம்புவதில்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையை ரேடியோவின் உலோக உடலில் வைத்து, கிரவுண்ட் முனை எது என்று தொட்டுக் கண்டுபிடித்து, அங்கிருந்துதான் எண்ணத் தொடங்குவேன்.

சால்டரிங் அயர்னைச் சூடாக்கும் முன் ஒரு நோட்டில் நாலு வரி போடுங்கள். ஒவ்வொரு ஒயருக்கும் சும்மா இருக்கும்போது எத்தனை வோல்ட், வேலை செய்யும்போது எத்தனை வோல்ட். கீழே வரும் கேள்விகளில் பாதி, இந்த நோட்டு இல்லாததால் வந்தவை.

கேள்வி: அக்கா, யாரும் பேசாதபோது ரிப்பீட்டர் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கிறது. யாராவது பேசினால் கப்சிப். இதில் வேடிக்கை, மூன்று நிமிடம் கத்திவிட்டுத் தானே ஓய்ந்துவிடுகிறது. யாராவது வந்து பேசிவிட்டுப் போனால் மறுபடியும் மூன்று நிமிடம். பேய் பிடித்த மாதிரி இருக்கிறது.

சி.ஓ.எஸ். தலைகீழாக இருக்கிறது, அவ்வளவுதான். சிக்னல் வந்தால் உங்கள் ரேடியோ அந்த முனையை 0 வோல்ட்டுக்கு இறக்குகிறது. கன்ட்ரோலரோ, 5 வோல்ட் ஏறினால்தான் சிக்னல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அதனால் அமைதியை அது பேச்சென்று எடுத்துக்கொள்கிறது. மூன்று நிமிடக் கணக்கு டைம் அவுட் டைமருடையது. யாராவது உண்மையில் பேசும்போது ‘சிக்னல் போய்விட்டது’ என்று நினைத்து டைமர் தன்னைத் திருத்திக்கொள்கிறது. அவர் முடித்ததும் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. உங்கள் கடிதத்தில் அந்த மூன்று நிமிடம் இல்லாமல் இருந்திருந்தால் நான் வேறு எங்காவது தேடியிருப்பேன். நல்ல வேளை, எழுதினீர்கள்.

மருந்து எளிது. கன்ட்ரோலரில் ஜம்பரோ நிரல் அமைப்போ இருந்தால் அதை மாற்றுங்கள். இல்லையென்றால் ஒரு பி.சி.547 டிரான்சிஸ்டர் போதும். ரேடியோவின் சி.ஓ.எஸ். முனையிலிருந்து 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக பேஸுக்கு, எமிட்டர் கிரவுண்டுக்கு, கலெக்டர் கன்ட்ரோலருக்கு. கலெக்டரிலிருந்து 5 வோல்ட்டுக்கு இன்னொரு 10 கிலோ ஓம். ஆனால் ஏதாவது ஒன்றை மட்டும் செய்யுங்கள். ஜம்பரையும் மாற்றி, டிரான்சிஸ்டரையும் போட்டு, ‘நீங்கள் சொன்னபடி செய்தும் அப்படியேதான் இருக்கிறது’ என்று ஒருவர் கோபமாக எழுதினார். இரண்டு முறை திருப்பினால் பழைய பக்கம்தானே வரும்!

மீட்டரில் பார்க்கும்போது ஒரு ஏமாற்று உண்டு. சில ரேடியோக்களின் சி.ஓ.எஸ். ஓப்பன் கலெக்டர் வகை. அது கிரவுண்டுக்கு இழுக்கும், ஆனால் தானாக மேலே ஏற்றாது. வெறுமனே மீட்டர் வைத்தால் சிக்னல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 0 பக்கத்திலேயே ஊசலாடும். முனை கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 10 கிலோ ஓம் ஒன்றை 5 வோல்ட்டிலிருந்து அதற்குக் கொடுத்துவிட்டு அளந்து பாருங்கள். 5 வோல்ட்டில் நின்று, சிக்னல் வந்ததும் சடாரென்று அரை வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் நல்ல சி.ஓ.எஸ்.

கேள்வி: ஸ்பீக்கர் ஜாக்கிலிருந்தே ஆடியோ எடுத்தால் என்ன குறை? எடுத்தேன். ஒரு நாள் நன்றாக ஓடியது. மறுநாள் கிரவுண்ட் சரியில்லை என்று ஒரு ஒயர் சேர்த்தேன். அன்றிலிருந்து ரேடியோ ஊமை.

அந்த ஒயர்தான் கொன்றது. பல மொபைல் ரேடியோக்களில் ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் ஆம்ப்ளிஃபையரே ஓட்டுகிறது. இரண்டிலுமே சப்ளையில் பாதி வோல்ட் நிற்கும். எதுவும் கிரவுண்ட் இல்லை. நீங்கள் ஒரு முனையைக் கிரவுண்டில் கட்டினீர்கள், ஆடியோ ஐ.சி. போய்விட்டது. அந்த ஐ.சி.யை மாற்றினால் ரேடியோ பேசும். இனிமேல் ஸ்பீக்கர் முனையிலிருந்து எடுப்பதாக இருந்தால் நடுவில் ஒரு சின்ன ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள், இந்தச் சிக்கலே வராது.

இனி குறை என்ன என்று கேட்டதற்கு வருகிறேன். முதல் குறை வால்யூம் குமிழ். துடைக்கும்போது யாராவது அதைத் தொட்டுவிட்டால் ரிப்பீட்டரின் லெவலே மாறிவிடும். இரண்டாவது குறை கண்ணுக்குத் தெரியாதது, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

எஃப்.எம். ரேடியோ அனுப்பும்போது உயர்ந்த சுரங்களைத் தூக்கிவிட்டு அனுப்பும். கேட்கும் ரேடியோ அதே அளவு அமுக்கிவிட்டு ஸ்பீக்கருக்குக் கொடுக்கும். தூக்கலும் அமுக்கலும் ஆக்டேவுக்கு 6 டெசிபல். 300 ஹெர்ட்ஸிலிருந்து 3000 வரை கணக்குப் பார்த்தால் 20 டெசிபல், அதாவது வோல்டேஜில் பத்து மடங்கு. எஃப்.எம். சிக்னலிலிருந்து ஆடியோவைப் பிரித்தெடுக்கும் டிஸ்கிரிமினேட்டரிலிருந்து நேராக எடுக்கும் தட்டையான ஆடியோவில் அமுக்கல் இன்னும் நடக்கவில்லை. ஸ்பீக்கர் ஆடியோவில் நடந்து முடிந்துவிட்டது.

ஆகவே ஜோடி பொருந்த வேண்டும். தட்டையான ஆடியோ எடுத்தால் அனுப்பும் ரேடியோவிலும் தட்டையான நுழைவில் கொடுங்கள். அமுக்கிய ஆடியோ எடுத்தால் மைக் நுழைவில் கொடுங்கள், அது மறுபடி தூக்கிவிடும். தட்டையானதை மைக்கில் கொடுத்தால் தூக்கியதையே தூக்கியதாகும். குரல் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி கேட்கும். மாறாக, ஸ்பீக்கர் ஆடியோவைத் தட்டையான நுழைவில் கொடுத்தால் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கும். குரல் எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதினாலே போதும், எந்த முனையிலிருந்து எடுத்தீர்கள் என்று சொல்லிவிடுவேன்.

தட்டையான ஜோடிதான் என் கட்சி. ஒரே ஒரு தொந்தரவு, டிஸ்கிரிமினேட்டர் ஆடியோவை ஸ்குவெல்ச் மூடாது. சிக்னல் இல்லாதபோது அருவி மாதிரி இரைச்சல் வந்துகொண்டே இருக்கும். கன்ட்ரோலர்தான் சி.ஓ.எஸ். பார்த்து வாசலைத் திறந்து மூட வேண்டும். அந்த இரைச்சலைக் கேட்டு லெவல் வைக்காதீர்கள், அது பேச்சைவிடப் பெரியது.

கேள்வி: ஐயா, என் கன்ட்ரோலர் 1 வோல்ட் ஆடியோ தருகிறது. மைக் ஜாக்கில் கொடுத்தால் உடைந்து உடைந்து வருகிறது.

ஐயா இல்லை, அக்கா. மைக் நுழைவுக்கு வேண்டியது சில மில்லிவோல்ட். நீங்கள் ஊற்றுவது அதைப்போல் நூறு மடங்கு. 100 கிலோ ஓம் ஒன்றைத் தொடராகவும் 1 கிலோ ஓம் ஒன்றை அங்கிருந்து கிரவுண்டுக்கும் வைத்தால் ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகும். பிறகு கன்ட்ரோலரின் லெவல் குமிழான பிரீசெட்டைத் திருகி ஒழுங்குபடுத்துங்கள். மைக் முனையில் டி.சி. வோல்டேஜ் இருக்கிறதா என்றும் பாருங்கள். எலெக்ட்ரெட் மைக்குக்கு உணவாக ரேடியோ சில வோல்ட் அனுப்பிக்கொண்டிருக்கும். இருந்தால் 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைத் தொடராகப் போடுங்கள், பிளஸ் பக்கம் ரேடியோவைப் பார்த்து.

கேள்வி: இரண்டு வாக்கி டாக்கியை வைத்து, ஆடியோ வந்தால் தானாக அனுப்பும் வாக்ஸ் வசதியில் ரிப்பீட்டர் செய்யலாமா?

கற்றுக்கொள்ளச் செய்யலாம். மேலே ஏற்றி மறக்க முடியாது. வாக்ஸ் முதல் அசையைத் தின்றுவிடும். ‘வணக்கம்’ என்றால் ‘ணக்கம்’ என்றுதான் போய்ச் சேரும். கைரேடியோவில் சி.ஓ.எஸ். முனை இருக்காது. உள்ளே திறக்கத் தைரியம் இருந்தால், சிக்னல் வரும்போது எரியும் எல்.இ.டி.யிலிருந்து ஒரு ரெசிஸ்டர், ஒரு டிரான்சிஸ்டர் வழியாக எடுத்துக்கொள்ளலாம். அந்த எல்.இ.டி. அனுப்பும்போது வேறு நிறத்தில் எரியும், அதற்கு வேறு கால், பார்த்துத் தொடுங்கள்.

கேள்வி: ஆடியோவில் ‘கொர்’ என்று ஒரு ஹம். பவரைக் கூட்டினால் ஹம்மும் கூடுகிறது. ஷீல்டு ஒயர்தான் போட்டிருக்கிறேன், இரண்டு முனையிலும் கிரவுண்ட் செய்திருக்கிறேன்.

இரண்டு முனையிலும் செய்ததுதான் வினை. கணக்குப் போடுங்கள். அனுப்பும்போது ரேடியோ 8 ஆம்பியர் இழுக்கிறது என்று வைப்போம். நெகட்டிவ் ஒயரின் ரெசிஸ்டன்ஸ் 0.02 ஓம் என்றாலும் அதில் 0.16 வோல்ட் விழும். உங்கள் மைக் ஆடியோ 0.01 வோல்ட். ஒயரில் விழுந்த அந்தப் பதினாறு மடங்கு, ஷீல்டு வழியாக ஆடியோவோடு சேர்ந்துகொள்கிறது. பவர் சப்ளையின் சின்ன அலையடிப்பு கூட அதில் ஏறி உட்கார்ந்து ஹம்மாகக் கேட்கும்.

ஷீல்டை ஒரு முனையில் மட்டும் இணையுங்கள், கன்ட்ரோலர் பக்கம். இரண்டு ரேடியோவின் நெகட்டிவும் தடிமனாக, குட்டையாக, ஒரே புள்ளிக்கு வரட்டும். அப்படியும் போகாவிட்டால் ஆடியோ வழியில் 600க்கு 600 ஓம் டிரான்ஸ்ஃபார்மர். நான் இப்போதெல்லாம் காத்திருப்பதே இல்லை, முதலிலேயே போட்டுவிடுகிறேன்.

அதற்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் கட்டிய ஒரு ரிப்பீட்டரில் டிரான்ஸ்மிட்டரின் நெகட்டிவ் ஸ்க்ரூவை இறுக்க மறந்துவிட்டேன். ரேடியோ வழக்கம்போல ஓடியது. ஓடாமல் என்ன செய்யும், மின்சாரம் திரும்பிப் போக என் ஆடியோ ஒயரின் ஷீல்டு இருந்ததே! தலைமுடி கனத்தில் இருக்கும் அந்தப் பின்னல் வழியாக ஆம்பியர் கணக்கில் போனது. முதலில் பிளாஸ்டிக் வாசனை. நான் பக்கத்து மேஜையில் இருந்தவர்தான் ஏதோ சுடுகிறார் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தபோது ஒயர் நீளத்துக்கும் புகைந்து, கன்ட்ரோலர் பலகையின் கிரவுண்ட் தடம் பெயர்ந்து சுருண்டிருந்தது. டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் அந்தப் பாதையே கிடையாது.

ஹம் இல்லாமல், அனுப்பும்போது மட்டும் ‘பர்ர்’ என்று கரகரத்தால் அது வேறு. ஆர்.எஃப்., அதாவது அனுப்பும் ரேடியோ அலையே, உள்ளே நுழைகிறது. கனெக்டர் முனைகளில் 1 நானோஃபாரட் செராமிக் கெபாசிட்டர், ஒயரில் ஃபெரைட் கிளிப். ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடு (பவரைச் சூடாக விழுங்கும் ரெசிஸ்டர்) மாட்டிப் பாருங்கள். கரகரப்பு மறைந்தால் ஆர்.எஃப்.தான்.

கேள்வி: சர்வீஸ் மானிட்டர் எல்லாம் இல்லை. லெவல் எப்படிச் சரிசெய்வது?

உள்ளே வரும் டீவியேஷன் (பேச்சுக்கு ஏற்ப அலைவரிசை விலகும் அளவு) அப்படியே வெளியே போக வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. 25 கிலோஹெர்ட்ஸ் சேனலில் உச்சம் 5 கிலோஹெர்ட்ஸ், 12.5 சேனலில் 2.5. கருவி இல்லாமலே இதை ஒப்பிட்டு வைக்க முடியும்.

மூன்றாவது ரேடியோ ஒன்றைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பக்கத்தில் வைத்தால் திணறும். நண்பர் ஒருவர் கைரேடியோவில் 1750 ஹெர்ட்ஸ் டோன் பொத்தானை அழுத்தட்டும். பல ரேடியோக்களில் இது உண்டு. மூன்றாவது ரேடியோவை ரிப்பீட்டரின் நுழைவு அலைவரிசையில் வைத்து, ஸ்பீக்கரில் ஏ.சி. மில்லிவோல்ட் அளந்து எழுதுங்கள். வால்யூமைத் தொடாமல் வெளியீட்டு அலைவரிசைக்கு மாற்றி மறுபடி அளங்கள். இரண்டும் ஒன்றாகும் வரை பிரீசெட்டைத் திருகுங்கள். மலிவான மீட்டர் 1750 ஹெர்ட்ஸில் சரியாகக் காட்டாது என்று வாதிடுவீர்கள். உண்மைதான், ஆனால் இரண்டு முறையும் ஒரே மாதிரிதானே தப்பாகக் காட்டும், ஒப்பிட அது போதும்.

டி.டி.எம்.எஃப். பொத்தானை (எண் பலகையில் இருப்பது) டோனாகப் பயன்படுத்தாதீர்கள். பல கன்ட்ரோலர்கள் அதைக் கட்டளை என்று நினைத்து வெளியே போகாமல் அமுக்கிவிடும். ‘லெவல் பூஜ்யம்’ என்று எழுதிய அன்பர் அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தார்.

கேள்வி: சி.டி.சி.எஸ்.எஸ். டோனோடு அனுப்புகிறேன். ரிப்பீட்டர் திறக்கிறது. ஆனால் வெளியே வரும் சிக்னலில் டோன் இல்லை, மற்றவர்கள் ரேடியோ திறப்பதில்லை.

பேச்சுக்கு அடியில் ஓடி, கேட்பவரின் ஸ்குவெல்ச்சைத் திறக்கும் இந்த டோன்கள் 67 ஹெர்ட்ஸிலிருந்து 250 சொச்சம் வரை. கன்ட்ரோலர்கள் பொதுவாக 300க்குக் கீழே வெட்டிவிடும், வெட்டவும் வேண்டும். அனுப்பும் ரேடியோவின் சொந்த டோன் என்கோடரை இயக்குங்கள். பழைய டோனையும் கசியவிட்டுப் புதியதையும் சேர்த்தால் இரண்டும் அடித்துக்கொண்டு, கேட்பவரின் ரேடியோ படபடவென்று திறந்து மூடும்.

கேள்வி: 50 வாட் ரேடியோ. முழு பவரில் வைக்கலாமா?

வேண்டாம். மொபைல் ரேடியோ, கொஞ்சம் பேசி நிறையக் கேட்கும் ஆளுக்காகச் செய்தது. ரிப்பீட்டரில் அது நாள் முழுக்கப் பேசும். 15, 20 வாட்டில் வைத்து ஹீட் சிங்க்மேல் ஒரு ஃபேன் போடுங்கள். உரிமத்தில் எத்தனை வாட் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பேசி முடித்துக் கொஞ்ச நேரத்தில் டிரான்ஸ்மிட்டர் அணைகிறது, உடனே தானாகத் திரும்ப எழுகிறது. அணைகிறது, எழுகிறது. ஆன்டெனாவைக் கழற்றி டம்மி லோடு போட்டாலும் அப்படியே.

டம்மி லோடு போட்டுப் பார்த்துவிட்டு எழுதியதற்கு நன்றி, பாதி வேலை முடிந்தது. ஆன்டெனாவில் சிக்கல் என்றால் டம்மி லோடில் பெரும்பாலும் அடங்கியிருக்கும். உங்களுடையது அணையும் நொடியில் நடக்கிறது. பி.டி.டி. விடுபட்டதும் சப்ளை வோல்டேஜ் துள்ளுகிறது, கேட்கும் ரேடியோவின் ஸ்குவெல்ச் ஒரு கணம் திறக்கிறது, சி.ஓ.எஸ். வருகிறது, கன்ட்ரோலர் புதிய ஆள் பேசுகிறார் என்று மறுபடி கிளப்புகிறது.

கன்ட்ரோலரில் சி.ஓ.எஸ். தாமதம் இருந்தால் 100 மில்லி செகண்ட் வைத்துப் பாருங்கள். கேட்கும் பக்கம் டோன் ஸ்குவெல்ச் போட்டால் இன்னும் நல்லது, வெறும் இரைச்சலில் டோன் இருக்காது. ஆனால் சில ரேடியோக்கள் டோன் இல்லாவிட்டாலும் சிக்னலைக் கண்டதும் சி.ஓ.எஸ். கொடுத்துவிடும். தவறான டோனில் ஒருமுறை அனுப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படியென்றால் டோனைக் கன்ட்ரோலரிலேயே பார்க்கச் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் செய்யும் முன் ஒன்று. கேட்கும் ரேடியோவின் சப்ளை முனையில் மீட்டரை வைத்து, டிரான்ஸ்மிட்டர் ஓடும்போது எத்தனை வோல்ட், அணைந்தபின் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். அந்த இரண்டு எண்ணையும் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.